என் லைனை நானே எழுதிக் கொடுத்த கதை

ஸ்லேட்டு மாதிரி இருக்கிற, தொட்டால் எழுத்து வருகிற அந்த டேப்பை என் கையில் கொடுக்கும்போது என் கொழுந்தன் அதன் முதுகில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தான். பொட்டு வைத்து நீட்டினால் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது என்று அவனுக்குத் தெரியும். நேரில் பார்த்தால் 'தம்பி, வாங்க, போங்க' என்றுதான் பேசுவேன். இங்கே அவன் நேரில் இல்லை. அதனால் அவன், இவன் என்றுதான் எழுதப் போகிறேன். மனசு இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை.

முதலில் லைன் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டாருக்கு ராயபுரத்தில் மொத்தக்கடை. தெற்கேயிருந்து வரும் கடலைமிட்டாய், தீப்பெட்டி, ஊதுவத்தி, மெழுகுவத்தி, ஊறுகாய் பாக்கெட் எல்லாவற்றையும் சின்னக் கடைகளுக்குப் போடுவதுதான் தொழில். சின்னக் கடைக்காரர்கள் நம்மைத் தேடி வர மாட்டார்கள். நாம்தான் கடை கடையாக ஏறி இறங்கி என்ன வேண்டும் என்று கேட்டு வர வேண்டும். மறுநாள் வண்டியில் சரக்குப் போகும். அப்படி ஒரு ஆள் வாராவாரம் போகிற பாதையும் அந்தப் பாதையில் இருக்கிற கடைகளும் சேர்ந்ததுதான் லைன். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர், அத்திப்பட்டு, இதுதான் என் வீட்டுக்காரர் போய்க்கொண்டிருந்த லைன்.

அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது கடை தம்பிக்கு, லைன் அண்ணனுக்கு என்று பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். அந்த லைனில் போகிற சரக்குக்கு உண்டான கமிஷன் எங்கள் வீட்டுக்கு. அந்தக் கடைகளில் எங்களைத் தவிர வேறு யாரும் கால் வைக்கக் கூடாது. இதற்குப் பத்திரம் கிடையாது. எங்கள் ஆட்களில் லைனுக்கு யாரும் பத்திரம் போட்டதே இல்லை, எல்லாம் வாய்ச்சொல்தான். வீட்டுக்காரர் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்த கையோடு நான் அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பொம்பளை லைனுக்குப் போவதா என்று சொந்தத்தில் பேசாத வாயில்லை. பேசின வாய் எதுவும் எங்கள் வீட்டுக்கு ஒரு படி அரிசி போடவில்லை. எனக்கும் என் மகளுக்கும் சோறு போட்டது, அவளைக் காலேஜில் சேர்த்தது எல்லாம் அந்த லைன்தான். எனக்கென்று இந்த உலகத்தில் இருந்த சொத்து அது ஒன்றுதான்.

பல வருஷம் அப்படிப் போன பிறகுதான் இந்த டேப் என்கிற சனியன் வந்தது.

"இனிமே பேப்பரே வேண்டாம் மதினி. கடையில நின்னு இதுல அழுத்துனீங்கன்னா போதும், இங்க என் கம்ப்யூட்டர்ல வந்து விழுந்துரும். உங்களுக்குத்தான் லேசு" என்றான்.

எனக்கு லேசு என்று அவன் சொன்ன எதுவும் எனக்கு லேசாக இருந்ததில்லை. அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நான் போகிற போக்குவரத்து எப்படி என்று அதைச் செய்த மகராசனுக்கு யாரும் சொல்லவில்லை போலும். ஷேர் ஆட்டோவில் மூன்று பேர் உட்காரும் இடத்தில் ஐந்து பேர். மடியில் சாம்பிள் பை, பையின் மேல் டேப். பக்கத்தில் மீன் கூடையோடு ஒரு அம்மாள். தண்டையார்பேட்டைப் பள்ளத்தில் ஆட்டோ ஒரு குதி குதித்தால், ஒன்று என்று அழுத்த வந்த விரல் நூற்றுப் பதினொன்று என்று அழுத்திவிடும். அழிக்கப் போனால் 'உறுதியாகவா?' என்று கேட்கும். உறுதியாகத்தான் என்றால் சுற்றிக்கொண்டே நிற்கும். விரலில் வியர்வை இருந்தால் அதற்கு என்னை அடையாளம் தெரியாது. வெயிலில் வைத்தால் என் முகம்தான் தெரியும், எழுத்துத் தெரியாது. எர்ணாவூர் தாண்டினால் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படியும். முந்தானையால் துடைத்தால் அந்தத் துடைப்பையும் ஒரு கட்டளையாக எடுத்துக்கொண்டு ஏதோ ஒரு கடையின் ஆர்டரைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடும்.

"இன்னா க்கா, படம் பாத்துகினு வர்றியா?" என்றாள் மீன்கார அம்மாள்.

"படமில்லம்மா, பேய் ஓட்டிக்கினு வர்றேன்" என்றேன்.

"முழங்கைய இடிக்காம ஓட்டு. விலாவுல குத்துது."

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது வழி விஷயத்தில்.

நான் எப்போதும் லைனைக் கடைசியிலிருந்துதான் ஆரம்பிப்பேன். விடிகாலையில் முதல் ரயிலைப் பிடித்து அத்திப்பட்டுக்குப் போய்விடுவேன். அங்கே அனல்மின் நிலையத்து ஷிப்ட் ஆட்களுக்காகக் கடைகள் கருக்கலிலேயே திறந்துவிடும். நான் போய்ச் சேரும்போது வியாபாரம் சூடாக இருக்கும். அப்படியே எண்ணூர், எர்ணாவூர் என்று இறங்கி, ராயபுரத்துக் கடைகளுக்குப் பதினொரு மணிக்கு மேல் வருவேன். ஏனென்றால் ராயபுரத்தில் கடை திறப்பதே தாமதம். திறந்தாலும் போணி ஆக வேண்டும். முதல் ஆள் வந்து காசு கொடுத்து ஒரு பொருள் வாங்கும் வரை எந்தக் கடைக்காரனும் நம்மிடம் முகம் கொடுத்துப் பேச மாட்டான். போணிக்கு முன்னால் சரக்குப் போடுகிறவன் வந்து நின்றால் அன்றைய நாளே விளங்காது என்பார்கள். இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். டேப்புக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பது முதலில், தூரத்தில் இருப்பது பிறகு என்று அதுவே வழி போட்டது. முதல் கடையை முடிக்காமல் இரண்டாவது கடையைத் திறக்கவும் விடாது.

வேறு வழியில்லாமல் காலையிலேயே ராயபுரத்துக் கடைக்குள் ஏறினேன். கடைக்காரர் அப்போதுதான் சாமி படத்துக்குச் சூடம் காட்டிவிட்டுத் திரும்பினார். என்னையும் என் கையில் இருந்ததையும் பார்த்தார்.

"யக்கா, உனுக்கு இன்னா ஆச்சு? போணியே ஆவல. வெறுங் கல்லாவ வெச்சிக்கினு குந்திக்கினு கீறேன், பையத் தூக்கிக்கினு வந்துட்ட. இத்தினி வருசமா வர்றியே, தெரியாது உனுக்கு?"

"மிஷின் இப்படித்தாங்க வழி போடுது."

"மிஷின் வந்து போணி பண்ணுமா? போ க்கா, காலங்காத்தால பேஜாரு பண்ணாத."

கடைக்குள் இருந்து தெருவுக்கு இறக்கிவிட்டார். அத்தனை வருஷத்தில் ஒரு கடையிலும் என்னை அப்படி இறக்கிவிட்டதில்லை. கூனிக்குறுகிப் போனேன். அன்று வரிசையாக மூன்று கடையில் இதே கதைதான்.

கொழுந்தனிடம் போய்ச் சொன்னேன். அவன் யார்? தன் கடையில் போணி ஆகும் வரை விளம்பரக் காலண்டர் கேட்டு வருகிறவனைக்கூட வாசலில் நிறுத்தி வைக்கிறவன். போணி ஆகாத நேரத்தில் சொந்த மகன் பேனா கேட்டாலும் கொடுக்க மாட்டான். அவன் சொல்கிறான், "அதெல்லாம் பழைய பழக்கம் மதினி. மிஷினுக்குப் போணி கீணியெல்லாம் கிடையாதுல்லா" என்று. அவன் கல்லாவுக்கு மட்டும் பழைய பழக்கம், என் காலுக்குப் புதுப் பழக்கம்.

அடுத்த வாரம் அதைவிட மோசம். எர்ணாவூரில் இருக்கும்போது போன் வந்தது.

"என்ன மதினி, எர்ணாவூர்ல அரை மணி நேரமா அசையவே இல்லையே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"டேப்புல தெரியுதே. நீங்க இங்க ஒரு நீலப் புள்ளி. புள்ளி ஒரே இடத்துல நிக்குது. ஆர்டரும் ஒண்ணும் வரல."

அப்போது நான் எங்கே இருந்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். எர்ணாவூரில் கணவனை விட்டுத் தனியாக இருக்கிற ஒருத்தி பெட்டிக்கடை வைத்திருக்கிறாள். கடைக்குப் பின்னாலேயே வீடு. அங்கே அவளும் அவள் அம்மாவும். அந்த லைன் முழுவதிலும் நான் பாத்ரூம் போகிற இடம் அது ஒன்றுதான். எக்ஸ்பிரஸ் சாலையில் ட்ரெய்லர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். ஆம்பளைகளுக்கு லாரிச் சக்கரத்தின் மறைவு போதும். நான் எங்கே போவது? அவள் வீட்டுக்குப் போய், முகம் கழுவி, ஒரு வாய் டீ குடித்துவிட்டு, ஆர்டர் இருந்தால் எழுதிக்கொண்டு வருவேன். அந்த வாரம் அவளுக்குச் சரக்கு மிச்சம் இருந்தது. ஆர்டர் இல்லை.

எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. புருஷனின் தம்பி, வயதில் சின்னவன், நான் எந்த வீட்டில் எவ்வளவு நேரம் ஒதுங்கினேன் என்று ராயபுரத்தில் உட்கார்ந்துகொண்டு கணக்குப் பார்க்கிறான்.

"தம்பி, மூத்திரம் போக வந்தேன். அதையும் இதுல அழுத்தணுமா?" என்று கேட்டேன்.

குரலை இறக்கிக்கொண்டு, "ஆர்டர் இல்லாத கடைக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கு மதினி. அதுல எதையாவது போட்டுருங்க" என்றான்.

போட்டேன். 'மூத்திரம் போனேன்' என்றே போட்டேன். கடைக்காரி எட்டிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"உன் கொயுந்தன் மூஞ்சிய இப்ப பாக்கணும் க்கா!"

அந்தக் காரணக் கட்டம்தான் எனக்கு வந்த வினை. அதில் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். இத்தனை கடைகளை எப்படி வைத்திருக்கிறேன் என்று ஒன்றும் தெரியாமல் ஒரு பலகை என்னை அதட்டுகிறதா, இவன் என்னைப் புள்ளி என்கிறானா, இருக்கட்டும், உங்களுக்கு என்னவெல்லாம் தெரியாது என்று நான் காட்டுகிறேன் என்று வீம்பு வந்துவிட்டது. அதன் வழிப்படி போனால் லைன் அத்திப்பட்டில் முடியும். திரும்பி வர மின்சார ரயில். லேடீஸ் பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன்.

விரலால் குத்திக் குத்தி அலுத்துப்போனபோது என் மகள் மைக் படத்தைக் காட்டிக் கொடுத்தாள். அதை அழுத்திப் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும். பிறகு கேட்க வேண்டுமா? ரயில் அத்திப்பட்டில் கிளம்பும்போது ஆரம்பித்தால் ராயபுரம் வரை வாய் மூட மாட்டேன்.

'இந்தக் கடைக்குப் பதினொரு மணிக்கு முன்னால் போகாதே, போணி ஆகியிருக்காது, செருப்படி படுவாய்.' 'இங்கே புருஷனிடம் கேட்காதே. அவன் வேண்டாம் என்பான். உள்ளே பொண்டாட்டி குரல் கேட்கும் வரை நில்.' 'காசிமேட்டில் தடைக்காலத்தில் வற்புறுத்தாதே. கடலுக்குப் போகாத வீட்டில் என்ன வியாபாரம் நடக்கும்? தடை முடிந்த வாரம் முதல் ஆளாகப் போய் நில்.' 'கோயில் திருவிழா வாரத்தில் இவருக்கு மெழுகுவத்தி இரண்டு மடங்கு. கேட்காமலே போடு.' 'இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் குதிகால் வலி என்று அர்த்தம். ஊறுகாயைப் பற்றிப் பேசாதே, ஊதுவத்தியில் ஆரம்பி.'

பெட்டியே கூடிவிடும். மீஞ்சூரில் வேலை முடித்து வருகிற பெண்கள் கேட்டுக்கொண்டே வருவார்கள்.

"யக்கா, அந்தத் திருவொற்றியூர் கடைக்காரன் சில்லற குடுக்க மாட்டான், அத்தையும் போடு."

"மிட்டாய் குடுத்தே ஏமாத்துவான்!"

"அவன் மிட்டாய் குடுக்கறதாலதாம்மா எனக்கு மிட்டாய் ஆர்டர் வருது" என்பேன். பெட்டி முழுக்கச் சிரிப்பு.

பொய் சொல்வானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. அத்தனை வருஷம் என் மண்டைக்குள் கிடந்ததை எடுத்துப் போடப் போட, எனக்கே என்மேல் மதிப்பு வந்தது. ஒவ்வொரு கடைக்கும் பக்கம் பக்கமாகச் சொன்னேன். யாரிடம் முதலில் பேச வேண்டும், எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்கக் கூடாது எல்லாம். கொழுந்தன் படிப்பான், படித்து வெட்கப்படுவான் என்று நினைத்துச் சொன்னேன். அடி பைத்தியக்காரி!

ஒருநாள் வீட்டில் அதைத் தள்ளித் தள்ளிப் படித்துப் பார்த்த மகள் கேட்டாள்.

"ஏம்மா, இதெல்லாம் எதுக்குச் சித்தப்பாவுக்கு எழுதிக் குடுக்கிற?"

"எனக்கு என்னவெல்லாம் தெரியும்னு அவனுக்குத் தெரியட்டும்டி."

"தெரிஞ்சா அவருக்கு நீ எதுக்கும்மா?"

"போடி, போய்ப் படிக்கிற வேலையைப் பாரு" என்று விரட்டினேன். சின்னப் பெண்ணுக்கு வியாபாரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நினைப்பு. எனக்குத் தெரிந்த லட்சணம் பிறகுதான் தெரிந்தது.

கொழுந்தன் வெட்கப்படவில்லை. பதிலுக்குத் தேனாகப் பேச ஆரம்பித்தான். கடைக்குப் போனால் எழுந்து நாற்காலி போட்டான். "ரொம்ப நல்லா எழுதுதீங்க மதினி. இன்னும் விட்டுப்போன கடையிருந்தா அதையும் எழுதிருங்க" என்றான். வழியைக்கூட என் இஷ்டப்படி மாற்றிக்கொடுத்தான். அத்திப்பட்டிலிருந்து ஆரம்பி என்று டேப்பே சொன்னது. மிஷினை ஜெயித்துவிட்டேன் என்று நான் மூன்று தெருவுக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையைச் சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறேன். கேட்டு என்ன புண்ணியம்?

விட்டுப்போன கடைசிக் கடையையும் எழுதி முடித்த மாதத்தில், சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டும் என்று டேப்பை வாங்கி வைத்துக்கொண்டான். இந்த வாரம் ரெஸ்ட் எடுங்கள் என்றான். அடுத்த வாரமும் அதையே சொன்னான். மூன்றாவது வாரம் எர்ணாவூர்க்காரி போன் செய்தாள்.

"இன்னா க்கா, உடம்பு கிடம்பு சரியில்லியா? உனுக்குப் பதிலா ஒரு ஆளு வந்துக்கினு கீறானே?"

செருப்பைக்கூடச் சரியாக மாட்டவில்லை, நேராகக் கடைக்குப் போனேன். வியாபார நேரம். கடைப்பையன்கள், வாடிக்கையாளர்கள் எல்லோரும் நின்றார்கள். யார் இருந்தால் எனக்கென்ன?

"தம்பி, என் லைன்ல ஆள் அனுப்பியிருக்கீங்களா?"

"உக்காருங்க மதினி. எதுக்கு இந்த வெயில்ல..."

"உக்கார வரல. அனுப்பியிருக்கீங்களா, இல்லையா?"

"உங்களுக்கும் வயசாகுதுல்லா. வெயில்ல அலைஞ்சி எதுக்கு உடம்பக் கெடுத்துக்கிடுதீங்க? மாசா மாசம் ஏதோ ஒரு தொகை வீட்டுக்கு வந்துரும். அண்ணன் குடும்பத்த நான் விட்டுருவேனா?"

"ஏதோ ஒரு தொகையா? லைன் என் பங்கு தம்பி. பிச்சை இல்ல. பெரியவங்க வச்சுப் பேசினது."

"லைன் எங்கயும் போகலயே மதினி" என்று சொல்லி, மேஜை மேல் இருந்த கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினான். "இதோ இருக்கு பாருங்க. லைன்னா என்ன? எந்தக் கடை, எப்பப் போகணும், எப்படிக் கேக்கணும், அவ்வளவுதான? பூரா இதுல இருக்கு. ஒரு வார்த்தை நான் சேக்கல. எல்லாம் நீங்க எழுதிக் குடுத்ததுதான்."

அவன் குரலை உயர்த்தவேயில்லை. கத்தியிருந்தால் நானும் நாலு கத்துக் கத்தியிருப்பேன். "நீ நல்லா இருப்ப தம்பி, நல்லா இருப்ப" என்று மட்டும் சொன்னேன். எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய சாபம் கிடையாது. அவன் முகம் லேசாக மாறியது. ஆனால் லைன் மாறவில்லை.

பாகம் பேசிய பெரியவர்களில் ஒருவர்தான் மிச்சம் இருந்தார். வண்ணாரப்பேட்டைக்கு நடந்து போய் அவரிடம் அழுதேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "அந்தக் காலத்துல லைன்னா ஆள்தாம்மா. ஆள் போனாத்தான் லைன் போகும். இப்ப கம்ப்யூட்டர்ல இருக்குங்கான். அது நமக்கு என்ன தெரியுது?" என்று காபியை ஆற்றிக் கொடுத்தார். நான் குடிக்கவில்லை.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். எனக்குக் காசு செலவுகூட இல்லை. மின்சார ரயிலில், ஜன்னலோரம், காற்று வாங்கிக்கொண்டு, நாலு பேரைச் சிரிக்க வைத்தபடியே அந்தச் சூனியத்தை வைத்துக்கொண்டேன்.

விடுவேனா? பாரிமுனைப் பக்கம் இன்னொரு மொத்தக்கடைக்காரரைப் பிடித்து, அவர் சரக்கின் சாம்பிளை அதே பையில் போட்டுக்கொண்டு, அதே லைனில் இறங்கினேன். கடைகள் என் கடைகள், ஆட்கள் என் ஆட்கள், என்னைப் பார்த்தால் அவனை விரட்டிவிடுவார்கள் என்று நினைத்தேன். அத்திப்பட்டிலிருந்து ஆரம்பித்தேன். எல்லோரும் உட்கார வைத்தார்கள். சிலர் டீ சொன்னார்கள். உன் கொழுந்தன் செய்தது அநியாயம் என்று திட்டினார்கள். ஆர்டர் மட்டும் கொடுக்கவில்லை.

"சரக்கு கரெக்டா வருது க்கா. கேக்காமலே வருது. இன்னான்னு சொல்லி நிறுத்தறது?" என்றார் எண்ணூர்க்காரர்.

என்ன சொல்லி நிறுத்துவார்கள்? அவர்களுக்கு ஒரு குறையும் வராதபடி பார்த்துப் பார்த்து எழுதி வைத்தவளே நான்தானே.

எர்ணாவூர்க்காரி அப்படியில்லை என்று நம்பிப் போனேன். கடையில் அவள் அம்மாவும் இருந்தார். அவளிடம் சாம்பிளை எடுத்து வைத்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே வாசலில் பைக் நின்றது. அந்தப் புது ஆள். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும், பார்த்தால் கெட்டவனாகத் தெரியவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு டேப்பை ஒரு பார்வை பார்த்தான். உள்ளே வந்ததும் நேராக அம்மாவிடம் போய்க் குனிந்தான்.

"இன்னாம்மா, முட்டி வலி எப்டிகீது? தைலம் போட்டுக்கினு வர்றியா?"

அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "போட்டுக்கினுதான் கீறேன் நைனா. படி ஏறத்தான் முடில" என்று ஆரம்பித்துவிட்டார். அவன் நின்று கேட்டான். பிறகுதான் ஆர்டர் கேட்டான். அவள் எப்போதும் என்னிடம் சொல்வதுபோலவே ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவன் அழுத்திக்கொண்டே வந்தான். என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் பைக்கை எடுத்தான்.

பைக் சத்தம் ஓய்வதற்குள் அவள் பக்கம் திரும்பினேன். "பார்த்துப் படிக்கிறான்டி அவன்! உங்கம்மா முட்டி அவனுக்கு என்ன கண்டது? அதுல இருக்கிறதப் பார்த்துட்டு வந்து கேக்கறான்."

"தெரியும் க்கா" என்றாள்.

"தெரிஞ்சுமா ஆர்டர் குடுக்கிற?"

அவள் மிட்டாய் பாட்டில்களை வரிசையாகத் தள்ளி வைத்தாள்.

"மொத வாரம் அவனுக்கு இன்னா கேக்கறதுன்னே தெரில. டேப்ப என் கையில குடுத்து, இன்னா எய்திகீதுன்னு பாருங்க க்கான்னான். படிச்சேன். 'உள்ளே போனதும் அம்மாவின் முட்டி வலியைக் கேட்கவும். கேட்காவிட்டால் ஆர்டர் பாதியாகும்.' அப்டித்தான எய்திகீற?"

நான்தான் சொன்னேன். மீஞ்சூர்ப் பெண்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, கெத்தாகச் சொன்னது.

"அவன் புதுசு. ஆர்டருக்காகக் கேக்கறான், கேட்டுட்டுப் போவட்டும். நீயும் இத்தினி வருசம் அதுக்குத்தான் கேட்டுக்கினு இருந்தியான்னுதான் க்கா எனுக்கு..."

இல்லைடி என்று கத்த வேண்டும் போல இருந்தது. ஊரிலிருந்து அந்தத் தைலத்தை வரவழைத்துக் கொடுத்ததே நான். ஒருதரம் அந்த அம்மாளின் காலை என் மடியில் வைத்துத் தேய்த்துவிட்டிருக்கிறேன். அதையெல்லாம் நான் டேப்பில் எழுதவில்லை. கோபத்தில், அவனுக்குப் பாடம் நடத்துகிற திமிரில், வியாபாரத்துக்கு ஆகிறதை மட்டும் எழுதினேன். இதை அவளிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அதையும் வியாபாரப் பேச்சு என்றுதானே நினைப்பாள்?

என் முகத்தைப் பார்த்து அவளுக்கே பாவமாகப் போயிருக்க வேண்டும். "சரி, உனுக்கும் ஒரு பெட்டி ஊதுவத்தி போட்டுக்க" என்றாள்.

வீசிவிட்டு வந்திருக்கலாம். மகளுக்குக் கடைசி வருஷம் இன்னும் பாக்கி இருந்தது. குனிந்து எழுதிக்கொண்டேன்.

பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, வழக்கம்போல, ஒன்றும் நினைக்காமல்தான் கேட்டேன், "அம்மாவுக்கு ராத்திரியில தூக்கம் வருதா? முட்டி ரொம்பப் படுத்துதா?" என்று.

"அதான் ஆர்டர் குடுத்துட்டேனே க்கா" என்றாள்.